நிக்கோ, அக்டோபர் 16–17: அம்மா அப்பாவுடன் இரண்டு நாள். கோயில்கள் முதலா, ஏரி முதலா?

நெரிமாவாசி

எல்லாருக்கும் வணக்கம். ஊரிலிருந்து அம்மா அப்பா வருகிறார்கள். அக்டோபர் 16 வெள்ளி, 17 சனி இரண்டு நாளும் ஜப்பானின் மலையூரான நிக்கோவுக்கு. ஓர் இரவு தங்கல். அப்பா நன்றாக நடப்பார். அம்மாவுக்கு மூட்டு வலி. சமதரையில் அரை மணி நேரம் நடப்பார், படி என்றால் இருபது முப்பதுக்கு மேல் கஷ்டம். மூவரும் சுத்த சைவம், முட்டையும் கிடையாது.

இப்போதைய திட்டம்: வெள்ளி காலை தோக்கியோவின் அசாகுசாவில் தோபு நிறுவன ரயில், 11 மணிக்குத் தோஷோகு கோயில், பிற்பகல் மற்ற கோயில்கள், இரவு ஊருக்குள்ளேயே தங்கல். சனி காலை 9 மணி வாக்கில் பஸ் பிடித்து மேலே போய் கெகோன் அருவி, சூசென்ஜி ஏரி, செஞ்சோகஹாரா சமவெளி பார்த்துவிட்டு மாலை தோக்கியோ திரும்புவது.

இந்த வரிசை சரியா? கார் எடுப்பது நல்லதா? தோஷோகுவில் அம்மா எதுவரை போகலாம்? சாப்பாட்டுக்கு என்ன வழி? அந்தத் தேதியில் இலை சிவந்திருக்குமா?

வளைவு48

வரிசையைத் தலைகீழாகப் போடுங்கள். வெள்ளி ஏரி, சனி கோயில்.

காரணம் சாலைதான். நிக்கோ என்று ஒரே பெயரில் சொன்னாலும் அது இரண்டு தட்டு. கோயில்கள் இருக்கும் ஊர் சுமார் 600 மீட்டர் உயரத்தில். ஏரி 1,269 மீட்டரில். நடுவே இருப்பது இரோஹாசாகா மலைப்பாதை. ஏறுவதற்கு ஒரு சாலை, 20 கொண்டை ஊசி வளைவு; இறங்குவதற்குத் தனிச் சாலை, 28 வளைவு. இரண்டுமே ஒருவழி. மாற்று வழி கிடையாது என்பதால் அக்டோபர் சனி, ஞாயிறுகளில் ஏறும் பக்கம் காலை எட்டு எட்டரைக்கே அடைக்க ஆரம்பிக்கும். சாதாரணமாக நிலையத்திலிருந்து ஏரிக்கு 45–50 நிமிடம் ஆகும் பஸ், அன்று இரண்டு மூன்று மணி நேரம் எடுக்கும். பஸ்ஸுக்குத் தனித் தடம் இல்லை, காருக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். சனி 9 மணி பஸ் என்பது அந்த வரிசையின் வாலில் போய் ஒட்டிக்கொள்வது. கோயில்களுக்கோ சாலை நெரிசல் ஒரு பொருட்டே இல்லை, நடந்தே போய்விடலாம். ஆகவே சாலை தேவைப்படும் இடத்தை வார நாளில் முடித்துவிடுங்கள்.

இன்னொன்று. 16, 17 தோஷோகுவின் இலையுதிர்கால விழா நாட்கள். 16 பிற்பகல் முன்வீதியில் குதிரை மேலிருந்து அம்பெய்யும் யபுசமே. 17 முற்பகல் பழைய போர்வீரர் உடையில் ஊர்வலம். மே 18-இல் நடக்கும் பெரிய ஊர்வலத்தைவிட இது சிறியது, ஆனால் பார்க்க வேண்டியது. வெள்ளி 11 மணிக்குத் தோஷோகு போனால் நீங்கள் வெளியே வரும் நேரம் யபுசமே கூட்டத்தில் மாட்டுவீர்கள். சனி காலை 9-க்குக் கதவு திறக்கும்போதே உள்ளே போனால், வெளியே வரும்போது ஊர்வலம் எதிரில் வரும்.

ரயில்: தோபு விரைவு ரயில்கள் எல்லாம் முன்பதிவு இருக்கைகள்தான், அசாகுசாவிலிருந்து சுமார் 1 மணி 50 நிமிடம். ஸ்பேசியா எக்ஸ், ரெவாட்டி என்று வகைகள் உண்டு. ரெவாட்டி ஷிமோ-இமாய்ச்சியில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி நிக்கோ, மறு பாதி கினுகாவா பக்கம். சீட்டில் உள்ள பெட்டி எண்ணில் போய் உட்காருங்கள். 'காலியாகத்தானே இருக்கிறது' என்று வேறு பெட்டியில் ஏறினால் வேறு ஊரில் இறங்குவீர்கள். தோபு விற்கும் நிக்கோ சுற்றுலாப் பாஸ் எதிலும் விரைவுக் கட்டணம் அடங்காது, அது தனி. அம்மா அப்பாவிடம் ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) பாஸ் இருந்தால் தோபு ரயிலில் செல்லாது. உட்சுனோமியாவரை ஷின்கன்சென் புல்லட் ரயில், அங்கே ஜேஆர் நிக்கோ ரயிலுக்கு மாற வேண்டும்.

பஸ்ஸில் ஒரு சூட்சுமம்: ஏரிக்குப் போகும் பஸ்கள் ஜேஆர் நிக்கோ நிலையத்தில் புறப்பட்டு அடுத்து தோபு நிக்கோவுக்கு வரும். தோபு நிலையத்தில் வரிசை நீண்டிருந்தால் ஐந்து நிமிடம் கீழே நடந்து ஜேஆர் நிலையத்தில் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். பின்கதவில் ஏறி எண் சீட்டு எடுத்து, இறங்கும்போது முன்கதவில் பணம் கொடுக்க வேண்டும். மேலே பல இடத்தில் ஏறி இறங்குவதானால் தோபு நிக்கோ நிலையத்தில் விற்கும் இரண்டு நாள் பஸ் பாஸ் லாபம். ஏரிக்கும் மேலே உள்ள வெந்நீர் ஊற்று ஊரான யுமோதோவரை செல்லும் பாஸா, ஏரிவரை மட்டுமா என்று பார்த்து வாங்குங்கள்.

கார் வேண்டாம். வெள்ளி மட்டும் என்றால் சரி எனலாம், சனிக்கிழமை கோயில் பகுதியில் வண்டி நிறுத்த இடம் தேடியே காலை போய்விடும். கொல்லிமலை 70 வளைவு ஓட்டியவருக்கு இரோஹாசாகா ஒன்றும் பயமுறுத்தாது. பிரச்சினை ஓட்டுவதில் இல்லை, நிற்பதில்.

தேவதாரு

மேலே சொன்னது சரி. கோயில் பகுதியை நான் எழுதுகிறேன்.

முதலில் சீட்டு. தோஷோகு, ஃபுதராசான், ரின்னோஜி மூன்றும் ஒரே காட்டுக்குள் அடுத்தடுத்து இருந்தாலும் தனித்தனி நிறுவனங்கள். முதல் இரண்டும் ஜப்பானின் மரபுச் சமயமான ஷிந்தோ, மூன்றாவது பௌத்தம். 1868-க்குப் பிறகு அரசாங்கம் ஷிந்தோவையும் பௌத்தத்தையும் பிரிக்கச் சொன்னபோது ஒன்றாக இருந்ததைக் கூறு போட்டதன் விளைவு. எனவே எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சீட்டு கிடையாது. மூன்றாம் தோகுகவா ஷோகன் (ராணுவ ஆட்சியாளர்) இயேமித்சுவின் சமாதியான தையூயின்கூட ரின்னோஜியைச் சேர்ந்தது, தோஷோகு சீட்டு அங்கே உதவாது. தோஷோகு மட்டும் பெரியவர்களுக்கு 1,600 யென். அக்டோபர்வரை 9 முதல் 5 மணி, நவம்பரிலிருந்து 4 மணியோடு சரி. மூடுவதற்கு அரை மணி முன்பே உள்ளே விடுவதை நிறுத்திவிடுவார்கள்.

அம்மாவுக்கு: பெரிய தடை ஒன்றுதான், முதல் தோகுகவா ஷோகன் இயேயாசுவின் சமாதிக்கு ஏறும் 207 கல்படி. அதை விட்டுவிடலாம். எல்லாரும் தேடும் தூங்கும் பூனை சிற்பம் அந்தப் படி தொடங்கும் வாசலுக்கு மேலேயே இருக்கிறது. அப்பா மேலே போய் வரட்டும், அம்மா பூனையைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். கையளவு சிற்பம், தலைக்கு மேலே இருப்பதால் பாதிப் பேர் கவனிக்காமல் கடந்து போய்ப் படியில் நின்று 'எங்கே, எங்கே' என்பார்கள். பின்பக்கம் சிட்டுக்குருவிகள் செதுக்கியிருப்பதையும் திரும்பிப் பாருங்கள்.

மற்றபடி முன்வாசலிலிருந்து யோமெய்மோன் என்ற அலங்கார வாயில்வரை இரண்டு மூன்று படித்தொகுதிகள். எண்ணிக்கை அதிகமில்லை, ஆனால் படியின் உயரம் அதிகம், சமமாகவும் இராது. தரை முழுக்கச் சரளைக்கல். மெத்தென்ற அடிப்பாகம் உள்ள செருப்பில் கல் குத்தும், கனமான ஷூ போடச் சொல்லுங்கள். ஆனால் கழற்ற எளிதாக இருக்கட்டும். பிரதான மண்டபம், ஹொன்ஜிதோ என்ற டிராகன் மண்டபம் இரண்டிலும் காலணி கழற்றித்தான் நுழைய வேண்டும், குனிந்து நாடா கட்ட அங்கே உட்கார இடம் இராது. மரத்தரை சில்லென்று இருக்கும், தடித்த காலுறை தேவை.

ஏறுவதையே குறைக்க ஒரு வழி: நிலையத்திலிருந்து உலக மரபுச் சின்னங்களைச் சுற்றும் பஸ்ஸில் ஏறி 'தையூயின்–ஃபுதராசான்' நிறுத்தத்தில் இறங்குங்கள். அது மேல்மட்டத்திலேயே கொண்டுவிடும். அங்கிருந்து ஃபுதராசான் பார்த்துவிட்டு, இருபுறமும் கல்விளக்குகள் நிற்கும் சமமான பாதையில் நடந்தால் தோஷோகுவின் ஐந்தடுக்குக் கோபுரத்தருகே வந்து சேரலாம். பிறகு ரின்னோஜியின் சன்புத்சுதோ மண்டபம், கடைசியில் ஷின்கியோ சிவப்புப் பாலம் என்று எல்லாமே இறக்கம். விழா நாளில் பஸ் தடம் மாறலாம், காலையில் நிலையத் தகவல் மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பாலத்தின்மேல் நடக்கத் தனிக் கட்டணம். படம் எடுக்க மட்டுமென்றால் பக்கத்திலுள்ள சாலைப் பாலத்தில் நின்று பார்ப்பதே நல்ல கோணம்.

தோஷோகுவில் அவசரமாகக் கடந்துவிடக் கூடாத சில:

குதிரை லாயத்தில் மூன்று குரங்கைப் படம் எடுத்துவிட்டு எல்லாரும் நகர்ந்துவிடுவார்கள். அங்கே மொத்தம் எட்டுப் பலகை, 16 குரங்கு. ஒரு வாழ்க்கையின் கதை அது. முதல் பலகையில் தாய் நெற்றியில் கை வைத்துப் பிள்ளையின் எதிர்காலத்தைத் தூரத்தில் பார்க்கிறது. இரண்டாவதில்தான் தீயதைப் பார்க்காத, பேசாத, கேட்காத மூன்று. பிறகு தனித்து உட்காருவது, மனம் உடைந்த நண்பனைத் தேற்றுவது, காதல், அலைகளை எதிர்கொள்வது என்று போய்க் கடைசியில் கர்ப்பிணியாக முடிகிறது. வரிசையாகப் பார்த்தால்தான் அந்த மூன்று குரங்குக்கு அர்த்தம்.

லாயத்துக்கு எதிரே இருக்கும் களஞ்சியத்தின் முகப்பில் இரண்டு யானை. வரைந்து கொடுத்த ஓவியர் கானோ தன்யூ யானையையே பார்த்ததில்லை. நம் ஊர்க்காரர் யாரையும் அழைத்துப் போய் நிறுத்தினால் காதையும் வாலையும் பார்த்த நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள். உங்கள் அப்பாவிடம் முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள்.

ஐந்தடுக்குக் கோபுரம் 1818-இல் மறுபடி கட்டியது. நடுத்தூண் தரையில் ஊன்றி நிற்கவில்லை. நான்காவது அடுக்கிலிருந்து சங்கிலியால் தொங்குகிறது, அடியில் சுமார் 10 செ.மீ. இடைவெளி. மரம் காய்ந்து சுருங்கும்போது மேலடுக்குகள் தாழும். தூண் தரையில் ஊன்றியிருந்தால் கூரையை முட்டிப் பிளந்துவிடும்.

ஹொன்ஜிதோவில் கூரையில் பெரிய டிராகன் ஓவியம். தலைக்கு நேர்கீழே நின்று மரக்கட்டைகளைத் தட்டுவார்கள், ஒலி நடுங்கிக்கொண்டே மேலே போகும். வாலுக்குக் கீழே தட்டினால் அது வராது. ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டையும் தட்டிக் காட்டுவார்கள். உள்ளே படம் எடுக்கத் தடை. பிற்பகலில் இங்கே வரிசை வெளியே நீளும், காலையில் முதலிலேயே முடித்துவிடுங்கள்.

நேரம் மிச்சமானால் தையூயின். கூட்டம் பாதிகூட இராது, கறுப்பும் பொன்னுமாக அமைதியான வேலைப்பாடு. என் கணக்கில் தோஷோகுவைவிட இதுவே அழகு. ஆனால் படி உண்டு, அம்மாவுக்கு முதல் வாசல்வரை போதும்.

கும்பிடும் முறையில் ஒரு குழப்பம் எல்லாருக்கும் வரும். ஃபுதராசான் போன்ற ஷிந்தோ கோயிலில் இரண்டு முறை குனிந்து, இரண்டு தட்டுத் தட்டி, ஒரு முறை குனிய வேண்டும். ரின்னோஜி, தையூயினில் கைதட்டக் கூடாது, கைகூப்பினால் போதும்.

கரண்டி

சாப்பாட்டுக்கு நான் வர்றேன் தம்பி, ஏன்னா இதுலதான் எல்லாரும் ஏமாறுறாங்க.

நிக்கோ யுபாவுக்குப் பேர் போன ஊர். சோயாப்பாலைக் காய்ச்சும்போது மேல படியற ஆடை. கியோத்தோவுல ஓரத்தைப் பிடிச்சு ஒத்தையா எடுப்பாங்க, இங்க நடுவுல கோல் விட்டு இரண்டா மடிச்சுத் தூக்குவாங்க. அதனால தடிமனா, நடுவுல பால் தங்கி, மென்னா பன்னீர் மாதிரி நிக்கும். சைவந்தானேன்னு சந்தோஷமா யுபா சாப்பாடு சொல்லிடாதீங்க. வேக வச்ச யுபா ஊறுற சாறு பெரும்பாலும் கத்சுவோ மீன்கருவாடு போட்ட தாஷி. சோபா சாறு, மிசோ சூப் எல்லாத்துக்கும் அதே கதை. பச்சையா சோயா சாஸ், வசாபி தொட்டுச் சாப்பிடற யுபா ஓரளவு பத்திரம்.

கடையில 'வெஜிடேரியன்'னு சொன்னா இறைச்சியைத்தான் எடுப்பாங்க. மீன்சாறு அவங்க கணக்குல வராது. கேட்க வேண்டிய கேள்வி: "கத்சுவோ தாஷி ஹைத்தெ இமாஸ் கா?" (கத்சுவோ மீன்சாறு சேர்ந்திருக்கான்னு அர்த்தம்). இதையும், இறைச்சி, மீன், முட்டை, மீன்சாறு நாலும் வேண்டாம்ங்கறதையும் ஜப்பானிய மொழியில எழுதி ஒரு அட்டையா வச்சுக்கோங்க. வாயால சொல்றதைவிட அட்டையை உள்ளே எடுத்துட்டுப் போய்ச் சமையல்காரர்கிட்ட காட்டுறது வேலை செய்யும். முழுச் சைவம் உறுதியா வேணும்னா ஷோஜின் ரியோரி, அதாவது பௌத்த மடத்துச் சாப்பாடு. முன்பதிவு இல்லாம கிடைக்காது.

தங்குமிடத்துல இரவுச் சாப்பாட்டோட எடுத்தா பத்துக் கிண்ணத்துல எட்டு மீன். பதிவு பண்ணும்போதே எழுதிக் கேளுங்க, முடியாதுன்னா சாப்பாடு இல்லாம அறை மட்டும் எடுங்க. ஆனா ஏரிப்பக்கம் சாயங்காலம் அஞ்சுக்கெல்லாம் கடை மூடிடும். அதனால கீழேயே கன்வீனியன்ஸ் ஸ்டோர்ல பாக்கெட் சாதம் வாங்கி, அங்கேயே சூடு பண்ணச் சொல்லி, சர்க்கரை போடாத வெறும் தயிர் ஒரு டப்பா எடுத்துக்கோங்க. உப்பு, ஊறுகாய் கையோட இருந்தா தயிர்சாதம் ஆச்சு. சின்ன சின்ன கப்புல வர்ற இனிப்புத் தயிர்ல ஜெலட்டின் இருக்கலாம், பெரிய டப்பா வெறும் தயிரா பாருங்க. இனாரி சூஷி பார்க்க சைவமா இருக்கும், அந்த டோஃபுப் பை ஊறினதே மீன்சாறுலதான்.

தோபு நிக்கோ நிலையத்துக்கு எதிர்ல யுபா போட்டு எண்ணெயில பொரிச்ச மஞ்சுங்கற பலகாரம் விப்பாங்க. உள்ள இனிப்புப் பயறு, மேல லேசா உப்பு. மேல்மாவுல முட்டை உண்டான்னு அட்டையைக் காட்டிக் கேட்டுட்டு வாங்குங்க.

இன்னொரு விஷயம், சாப்பாடு இல்லை. யுமோதோ ஊத்துல குளிச்சா அது கந்தக நீர். அம்மா வெள்ளி மெட்டி, கொலுசைக் கழட்டி வச்சுட்டு இறங்கச் சொல்லுங்க. இல்லைன்னா கறுத்துப் போயிடும்.

பனிமூட்டம்

வெள்ளி ஏரி என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அன்றிரவே கீழே இறங்க வேண்டாம், மேலேயே தங்குங்கள் என்பேன். சனிக்கிழமை நெரிசல் ஏறும் சாலையில். காலை எட்டு மணிக்கு இறங்கும் சாலை காலியாகத்தான் கிடக்கும், அது தனிச் சாலை என்பதே இதில் லாபம். அது பிற்பகலில்தான் நிறையும். முதல் பஸ்களில் ஒன்றில் இறங்கினால் ஒன்பதுக்குக் கோயில் வாசலில் நிற்கலாம்.

இன்னொரு காரணம் மூட்டம். கெகோன் 97 மீட்டர் அருவி, பள்ளத்தாக்கிலிருந்து மேகம் எழுந்தால் ஐந்து நிமிடத்தில் வெள்ளைச் சுவர்தான். மேலே தங்கினால் வெள்ளி பிற்பகல், சனி அதிகாலை என்று இரண்டு வாய்ப்பு. லிஃப்ட் 100 மீட்டர் கீழே இறக்கிவிடும், ஆனால் இறங்கியதும் சுரங்கப்பாதையும் பிறகு சில படிகளும் உண்டு. பணம் கட்டுமுன் மேலே உள்ள இலவசத் தளத்திலிருந்து பாருங்கள். அங்கே ஒன்றும் தெரியவில்லை என்றால் கீழேயும் பெரும்பாலும் தெரியாது. அம்மாவுக்கு மேல்தளமே போதும். ஆனால் பிரதான அருவிக்கு அடியில் பாறை நடுவிலிருந்து கசிந்து விழும் பன்னிரண்டு சிற்றருவிகள் கீழ்த்தளத்தில்தான் நன்றாகத் தெரியும். நந்தாய் மலையின் எரிமலைக் குழம்பு ஆற்றை அடைத்து ஏரி உண்டானது. அந்தக் குழம்பு அடுக்குகளின் இடுக்கில் ஏரி நீர் ஒழுகுவதுதான் அவை.

இலை விஷயம்: அந்தத் தேதியில் ரியூசு அருவி ஏறத்தாழ முடிந்திருக்கும், அதன் உச்சம் செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரம். செஞ்சோகஹாராவில் புல் காய்ந்த பொன்னிறம், சுற்றிலும் லார்ச் மரங்கள் மஞ்சளாகத் தொடங்கும். ஏரிக்கரையும் இரோஹாசாகாவின் மேல்பகுதியும் சரியான பதம். கோயில் பகுதி இன்னும் பச்சையாகத்தான் இருக்கும், அங்கே நவம்பர் முதல் பாதி. மேலே ஊரைவிட நாலு டிகிரியாவது குறைவு, காற்று அடித்தால் இன்னும். அம்மாவுக்கு ஸ்வெட்டருடன் காற்றுத் தடுக்கும் மேல்சட்டையும் வேண்டும்.

செஞ்சோகஹாரா நடைபாதை முழுதும் நடக்க இரண்டு, இரண்டரை மணி நேரம். அப்பா யுதாகி அருவியிலிருந்து தெற்கே நடக்கட்டும், மெல்லிய இறக்கம், மரப்பலகைப் பாதை. அம்மா சன்போன்மாத்சு நிறுத்தத்தில் இறங்கி மூன்று நிமிடத்தில் காட்சித்தளம் போய் முழுச் சமவெளியையும் நந்தாய் மலையையும் பார்க்கலாம். பிறகு பஸ்ஸில் ரியூசு அருவி போனால் அருவியை ஒட்டியே ஒரு தேநீர்க்கடை, உட்கார்ந்தபடி பார்க்கலாம். அப்பா அங்கேயே வந்து சேர்ந்துகொள்வார். கரடி நடமாடும் இடம், அப்பாவின் பையில் ஒரு மணி கட்டிவிடுங்கள். மழைக்கு மறுநாள் பலகை வழுக்கும்.

இத்தாலியத் தூதரகத்தின் பழைய கோடைவீட்டையும் சேர்த்துக்கொள்ளலாம். 1928-இல் அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்தது. சுவரும் கூரையும் தேவதாருப் பட்டையை வெவ்வேறு பின்னலில் பதித்தவை, ஏரியைப் பார்த்த நாற்காலிகள். ஏரிக்கரையில் சூசென்ஜி பஸ் நிலையத்திலிருந்து நடக்க அரை மணிக்கு மேல், அம்மாவுக்கு டாக்ஸி. அல்லது படகு, நவம்பர்வரை ஓடும்.

நெரிமாவாசி

எல்லாருக்கும் நன்றி. மாற்றிவிட்டேன்: வெள்ளி முதல் ரயில்களில் ஒன்று, நேரே மேலே, இரவு யுமோதோ, சனி காலை இறக்கம், தோஷோகு, ஊர்வலம். இரண்டு கேள்வி பாக்கி. அகேச்சிதைரா கேபிள் காரை சனி இறங்கும்போது பார்க்கலாமா? பெட்டிகளை என்ன செய்வது?

வளைவு48

இறங்கும்போது முடியாது. அகேச்சிதைரா ஏறும் சாலையில் இருக்கிறது, கீழே வரும் பஸ் அந்தப் பக்கமே போகாது. வெள்ளி ஏறும்போது இறங்கிப் பாருங்கள், மூன்று நிமிடப் பயணம், அருவியும் ஏரியும் நந்தாய் மலையும் ஒரே சட்டத்தில் தெரியும். பெட்டி சிறியது, வரிசை அரை மணிக்கு மேல் தெரிந்தால் அடுத்த பஸ்ஸிலேயே ஏறிவிடுங்கள். அங்கே குரங்குகள் பிளாஸ்டிக் பையைப் பார்த்தாலே பிடுங்கும், கரண்டி சொன்ன தயிர்சாதத்தை முதுகுப்பைக்குள் வையுங்கள்.

பெரிய பெட்டியைத் தோக்கியோவிலேயே விடுங்கள். முடியாவிட்டால் தோபு நிக்கோ நிலைய லாக்கர். பெரிய அளவு லாக்கர்கள் குறைவு, காலை பத்துக்குள் நிரம்பிவிடும். யுமோதோவுக்கு ஓர் இரவுக்கான பை மட்டும்.

சனி மாலை திரும்பும் ரயில் இருக்கையை இன்றே எடுத்துவிடுங்கள். விழாவும் இலையும் சேர்ந்த சனிக்கிழமை நாலு மணிக்குப் பிறகு விரைவு ரயிலில் இடம் இராது.

தேவதாரு

யுமோதோவிலிருந்து வருகிறீர்கள் என்றால் நிலையம்வரை போக வேண்டாம். ஷின்கியோவுக்கு முன்னாலேயே நிஷிசாந்தோ பக்கத்து நிறுத்தத்தில் இறங்கினால் தையூயின் பக்கம் ஏறும் பாதை. அம்மாவுக்கு அந்த ஏற்றம் நீளம் என்றால் ஷின்கியோவில் இறங்கி டாக்ஸி, ஃபுதராசான் வாசல்வரை விடும்.